போலாதாவின் பன்னிரண்டாவது கொலை

போலாதா அதுவரை பதினோரு முறை கொலையாகியிருந்தார். இரண்டு முறை விஷம், மூன்று முறை கத்தி, ஒரு முறை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டது, மிச்சமெல்லாம் மண்டையில் அடி. ஒவ்வொரு முறையும் கொன்றவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் போலாதாவைத் தூசி தட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டி, அடுத்த வருடம் மறுபடி கொன்றார்கள். உள்ளே பஞ்சு, வெளியே கித்தான் துணி என்று இருந்ததால் மனிதர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார்.

அவர் இருந்த இடம் வங்காளத் தலைநகரின் பெஹாலாவில், மெட்ரோ பாலத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி உள்ள அரசு குற்றவியல் நீதிக் கல்லூரி. போலீசுக்கும் சிறைத்துறைக்கும் தடயவியல் கூடத்துக்கும் கோர்ட்டுக்கும் வேலைக்குப் போகப் பிள்ளைகளைத் தயார் செய்கிற கல்லூரி. மற்றக் கல்லூரியில் ஆய்வுக்கூடத்தில் உப்பைக் காய்ச்சுவார்கள். இங்கே பதினான்காம் எண் அறையில் ஒரு பொய்க் கொலையை ஜோடித்துவைத்து, "கண்டுபிடி" என்று கடைசி வருடப் பிள்ளைகளை உள்ளே அனுப்புவார்கள். செத்துக்கிடப்பவர் எப்போதும் போலாதா. தா என்றால் அண்ணன். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் அவர் காலைத் தொட்டு "மன்னித்துக்கொள் போலாதா" என்று சொல்லாத மாணவன் தேறியதாகச் சரித்திரமே இல்லை என்பார்கள். துப்பறிய வந்த பிள்ளைகள் பொம்மையின் காலில் விழுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் சிரித்தவர்களும் அவரவர் தேர்வன்று விழுந்தார்கள்.

இந்தப் பன்னிரண்டாவது கொலையைச் செய்யும் பொறுப்பு மாதங்கிக்கு வந்தது. மதுரைப் பெண், இருபத்தொன்பது வயது, தடயவியல் படித்தவள். இதற்கு முன்னால் சென்னையில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் நசுங்கிய கார்களின் போட்டோவை நாள் முழுக்கப் பார்த்து, எது நிஜமாக இடித்தது, எது பணத்துக்காக இடித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டு ஓடிவந்து இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது, வகுப்பறையில் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் அவளுக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. வேலை அப்படிப் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு குறை. வேலை இரண்டு வருட ஒப்பந்தம். மார்ச்சோடு முடிகிறது. நிரந்தரமாக்கினால் இருக்கலாம், இல்லையென்றால் மறுபடி நசுங்கிய கார்கள்தான். கல்லூரி விதிப்படி ஒப்பந்த ஆசிரியர்கள் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் கீழே "ஒப்பந்தம்" என்று எழுதவேண்டும். வருகைப் பதிவு, விடைத்தாள் கட்டு, நூலகச் சீட்டு எல்லாவற்றிலும் எழுதி எழுதி, ஒரு தடவை அக்காவுக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் எழுதிவிட்டாள். அக்கா இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறாள்.

நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது, தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் பரிசோதகர். இந்த முறை வருவது சகுந்தலா லாஹிரி. முப்பத்துநான்கு வருடம் போலீசில் இருந்து ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. பொய் சொன்னால் சொல்கிறவர் காது மடலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. அன்றிலிருந்து மாதங்கி முடியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுப் பின்னிக்கொண்டாள்.

தேர்வு திங்கட்கிழமை. அவள் வியாழக்கிழமையே போலாதாவைக் கொன்று முடித்துவிட்டாள். பீட்ரூட் சாறு, சோளமாவு, கொஞ்சம் கோகோ தூள் சேர்த்து அவளே கண்டுபிடித்த ரத்தம் அது. நன்றாகக் காய்ந்துவிட்டால் அவளுக்கே பார்க்கப் பயமாக இருக்கும். போலாதா நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் பாட்டில் அடி. சுற்றிலும் கண்ணாடித் துண்டு. மேஜையில் இரண்டு மண்கோப்பை டீ, ஒன்றின் விளிம்பில் உதட்டுச்சாயம். வந்தவள் பெண், தெரிந்தவள், உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் அடித்தாள் என்பது விடை. விடையை உறையில் போட்டு ஒட்டினாள். ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டினாள். அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உடைந்து ஒரு வருடம் ஆகிறது. அதனாலென்ன, "குற்ற இடம், நுழையாதே" என்று அச்சடித்த மஞ்சள் நாடாவை, நுனியில் தேதியும் கையெழுத்தும் போட்டு, வாசலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டுப் போனாள். பூட்டை உடைக்கிறவன்கூட இருப்பான். அந்த நாடாவைத் தாண்ட இந்தக் கல்லூரியில் ஒரு ஈ காக்காய்க்கும் துணிச்சல் வராது என்று நம்பினாள். நம்பியதில் தப்பு இல்லை.

தப்பு வேறு இடத்தில். மறுநாள் சரஸ்வதி பூஜை. மாதங்கிக்குச் சரஸ்வதி பூஜை என்றால் புரட்டாசியில் வரும், பொரிகடலையும் சுண்டலும் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இங்கே அது தை மாதத்துக் குளிரில் வந்தது. போன வருடம் அந்த வாரம் அக்கா கல்யாணத்துக்கு மதுரைக்குப் போய்விட்டதால் அவள் பார்க்கவில்லை. வங்காளத்துக் கல்லூரியில் சரஸ்வதி பூஜை என்பது பிள்ளைகள் தாங்களே சிலை கொண்டுவந்து, தாங்களே கோலம் போட்டு, தாங்களே கிச்சுடி என்கிற அரிசிப்பருப்புச் சோறு சமைத்து ஊருக்கே போடுகிற கல்யாணம். வெள்ளிக்கிழமை மாதங்கியும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனாள். அம்மன் காலடியில் பூதக்கண்ணாடியும் கைரேகைத் தூரிகையும் வைத்திருந்தார்கள். கிச்சுடி வரிசை கலையாமல் இருக்க இருபக்கமும் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். "குற்ற இடம், நுழையாதே" என்ற வேலிக்கு நடுவே வீணையோடு அம்மன். மாதங்கி விழுந்து விழுந்து சிரித்து, ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினாள். இரண்டு தட்டு கிச்சுடி சாப்பிட்டாள். அந்த நாடா எந்த வாசலிலிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. உற்று நோக்குதல் என்ற பாடத்தை வாரம் ஆறு மணி நேரம் நடத்துகிறவள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பதினான்காம் அறை வாசலில் நாடா இல்லை. கதவைத் தள்ளியதும் பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது.

தரை பளபளவென்று இருந்தது. ரத்தம் இல்லை, கண்ணாடித் துண்டு இல்லை, கோப்பை இல்லை. மேஜையின் மேல் ஒரு சாமந்திப்பூ. நிமிர்த்தி வைத்த நாற்காலியில் போலாதா உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை, குளிருக்கு அடக்கமாகப் பழைய ஜன்னல் திரை ஒன்றைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு, குளித்து முழுகி உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார். பன்னிரண்டு முறை செத்தவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு களை.

மாதங்கி தரையிலேயே உட்கார்ந்து தாராவுக்குப் போன் போட்டாள். டாக்குரியாவில் அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண்; நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எந்தச் சிக்கலுக்கும் இரண்டு நிமிடத்தில் வழி சொல்வாள். தாரா விஷயத்தை முழுக்கக் கேட்டாள். "கேன்டீன்ல தக்காளி சாஸ் இருக்குமல்ல? ரெண்டு பாட்டில் எடுத்து ஊத்தீரு. ஒரு கிளாஸ உடைச்சுப் போடு. யாருக்குடி தெரியப்போகுது?" என்றாள்.

மாதங்கி எழுந்து ஓடினாள். கேன்டீனில் சாஸ் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்ப ஓடிவந்தாள். மூடியைத் திறந்து, போலாதாவின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தாள். சாஸ் பாட்டிலின் கழுத்துவரை வந்து நின்றது. அப்போதுதான் தான் செய்யப்போவது என்ன என்று அவளுக்கு உறைத்தது. வியாழக்கிழமை ஜோடித்தது வேறு. அது தேர்வுக்காக, எல்லோருக்கும் தெரிந்து செய்தது. இன்றைக்கு இந்த அறையில் நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள், எதையோ எடுத்திருக்கிறார்கள். அதன் மேல் சாஸை ஊற்றினால் அதற்குப் பெயர் தடயத்தை அழித்தல். முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டவள் அவள்தான்: இருப்பதை எடுக்காதே, இல்லாததை வைக்காதே. மூடியைத் திருகி மூடினாள். திருகிய வேகத்தில் ஒரு சொட்டு அவள் புடவையில் விழுந்ததுதான் மிச்சம்.

இனி வருகிற பேச்சு வங்காளியும் ஆங்கிலமும் கலந்து நடந்தது. நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம். முதல்வர் அறையில் சகுந்தலா லாஹிரி கம்பளிச் சால்வையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். முதல்வர் சந்தீப் மல்லிக் நல்ல மனிதர், ஆனால் சின்ன விஷயத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். மாதங்கி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். சாஸ் பாட்டிலையும் சேர்த்துச் சொன்னாள். முதல்வர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தேர்வைத் தள்ளிவைத்துவிடலாம், இது கேன்டீன்காரர்கள் வேலையாகத்தான் இருக்கும், அப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் மேல் பழி வராது என்றார். அவர் சொன்னது அவளைக் காப்பாற்றத்தான். மாதங்கிக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தடயம் இல்லாமல் யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு வினாத்தாளைப் பரிசோதகர் முன்னால் வைத்தாள். அதில் ஒரே கேள்வி: "அறை எண் 14இல் நடந்தது என்ன? தடயங்களோடு எழுதுக." கொலை என்ற சொல்லே அதில் இல்லை. பிள்ளைகள் இந்தக் கேள்விக்கே பதில் எழுதட்டும் என்றாள்.

சகுந்தலா லாஹிரி, முடி மூடியிருந்த அவள் காதைப் பார்த்தார். "சரியான விடை என்ன?"

"தெரியாது மேடம்."

"விடை தெரியாமல் எப்படி மார்க் போடுவாய்?"

"தடயம் இருந்தால் போடுவேன். இல்லையென்றால் போட மாட்டேன்."

அந்த அம்மாள் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு, விடை உறையில் அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாதங்கி பழைய உறையைத் தள்ளிவைத்து, புதிய உறையில் "விடை தெரியாது" என்று எழுதிக் கையெழுத்திட்டு, கீழே "ஒப்பந்தம்" என்று போட்டாள். இந்த வார்த்தையை எழுதுவது இன்னும் சில தடவைதான் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு இந்த வேலை வேண்டும். இந்த உலகத்தில் வேறெதையும்விட அப்போது அதுதான் வேண்டும்.

ஒன்பதரைக்கு எட்டுப் பேர் உள்ளே போனார்கள். அணித் தலைவன் ஸ்ரீநாத். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்தவன். வங்காளியில் கவிதை மாதிரி பேசுவான். தமிழில் பேசினால் ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்துப் போடுவான். எட்டுப் பேரும் வழக்கம்போலப் போலாதாவின் காலைத் தொட்டார்கள். தொட்ட பிறகுதான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதைக் கவனித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் இருபது நிமிடம் மாதங்கிக்கு யுகமாகப் போயிற்று. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. முதல்வர் வாசலில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அனன்யா என்ற பெண், மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். அவளுடைய அம்மா நர்ஸ். துடைத்த தடம் எல்லாம் வளைவு வளைவாக ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறது என்றாள். வீட்டில் யாரும் அப்படித் துடைக்க மாட்டார்கள். ரத்தம் சிந்தினால் மேலும் பரவாமல் இருக்க ஆஸ்பத்திரியில்தான் அப்படித் துடைப்பார்கள். அதன் பிறகு ஆளுக்கு ஒன்றாக அகப்பட ஆரம்பித்தது. மேஜைக் கால் தரையைத் தொடும் இடத்தில் மயிரிழை போலச் சிவப்பு. கண்ணாடிப் பொடியை ஈரச் செய்தித்தாளால் ஒற்றி எடுத்ததற்குக் காகித நார். கதவோரம் வாளி வைத்த வட்டம். அதற்குப் பக்கத்தில் அரிசிமாவுக் கால்விரல் ஒன்று. தாழ்வாரத்துக் கோலம் வியாழன் மாலை போட்டது, அதை மிதித்துவிட்டுத்தான் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். ஆக, இங்கே முதலில் ரத்தம் இருந்தது. வியாழன் மாலைக்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பழக்கம் உள்ள ஒருவர் சுத்தம் செய்திருக்கிறார்.

கல்லூரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் யார்? எட்டு முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த துப்புரவுப் பணியாளர் ஆரதி மாஷி, அதாவது ஆரதி சித்தி. கூட்டமாகப் போக வேண்டாம், இரண்டு பேர் இங்கே நின்று அறையைக் காவல் காக்கட்டும் என்று ஸ்ரீநாத் உத்தரவு போட்டான். மாதங்கிக்கு அந்த நிலையிலும் பெருமையாக இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன ஸ்டோர் முன்னால் ஆரதி மாஷி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது, கட்டை குட்டையான உடம்பு, கணீரென்ற குரல். பிள்ளைகளைப் பார்த்ததும் பயப்படவில்லை. அவளே முதலில் சண்டைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக் குப்பை எடுக்கிற மஞ்சள் வண்டி ஏன் வரவில்லை, ரத்தக் குப்பையை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று தெரியாதா, வெள்ளிக்கிழமையிலிருந்து நான் காவல் காக்கிறேன், இது என்ன கல்லூரி என்று பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தாளாம், உள்ளே அத்தனை கோரம், பூஜை நாளில் ஒரு படிப்பு நடக்கிற இடத்தை அப்படி விடலாமா என்று கேட்டாள்.

ஸ்டோருக்குள் மஞ்சள் பை ஒன்று, கண்ணாடிக்குத் தனியாக அட்டைப்பெட்டி ஒன்று. இரண்டின் வாயும் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் வங்காளியில் ஒரு சீட்டு: "மேஜை மேல், இடது, கோப்பை, சாயம் உள்ளது, 7.10." "மேஜை மேல், வலது, கோப்பை, 7.10." "நாற்காலிக்குப் பின்னால், பாட்டில் கழுத்து, 7.20."

பிள்ளைகள் கையை நீட்டினார்கள். மாஷி எல்லார் கையையும் தட்டிவிட்டாள். சும்மாடு மாதிரி சுருட்டி இடுப்பில் செருகியிருந்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். பெயர், பதவி, நேரம், கையெழுத்து. போட்டால்தான் பை.

"மாஷி, இது ரத்தம் இல்லை, பீட்ரூட்" என்றாள் அனன்யா.

"ரத்தமா பீட்ரூட்டா என்று சொல்வது டாக்டர் வேலை. சிவப்பாக இருந்தால் மஞ்சள் பை என்பது என் வேலை. கையெழுத்துப் போடு."

பின்னால் நின்றிருந்த சகுந்தலா லாஹிரி சால்வை நுனியால் வாயை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று மாதங்கிக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. சீட்டில் எழுதியிருந்த இடத்தை வைத்து எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தார்கள். மொட்டைமாடியில் உலர்ந்துகொண்டிருந்த போலாதாவின் சட்டையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு முறை சோப்புப் போட்டும் பின் காலரில் கறை போகவில்லை. பின்னாலிருந்து பாட்டிலால் அடித்திருக்கிறார்கள், அடித்தவள் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவள், ஆகவே தெரிந்தவள் என்பதுவரை வந்துவிட்டார்கள். பழைய உறைக்குள் ஒட்டி வைத்திருந்த விடை, துடைத்துக் கழுவி மூட்டை கட்டிய பிறகும் எழுந்து வந்து நின்றது. மாதங்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவையில் இருந்த சாஸ் கறையைத் துடைப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஸ்ரீநாத் மட்டும் அறை வாசலை விட்டு நகரவில்லை. கதவுச் சட்டத்தில் மஞ்சள் நாடாவின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டவில்லை, பல்லால் கடித்து அறுத்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவன் முகம் வெளுத்துப்போயிற்று. மாதங்கியிடம் வந்து தாழ்ந்த குரலில் தமிழில் பேசினான்.

"மேம், வாசல் திறந்தது மாஷி தப்பு இல்ல. நாடா அங்க இருந்தா மாஷி உள்ள போயிருக்க மாட்டாங்க. அது நான். வியாழக்கிழமை ஈவினிங், கிச்சுடி லைனுக்குக் கயிறு பத்தல. பழைய பிராக்டிஸ் நாடான்னு நினைச்சுட்டேன். உள்ள பார்க்கல, சத்தியமா." கதவுச் சட்டத்தை மறுபடி பார்த்தான். "இத எழுதினா நான் ஃபெயிலா?"

மாதங்கி அவனுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது, தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவளுடைய போனில் அக்காவுக்கு அனுப்பிய போட்டோ இருந்தது. அதை எடுத்துப் பெரிதாக்கினாள். அம்மன் பாதத்துக்குப் பக்கத்தில் நாடாவின் நுனி. அதில் அவள் தன் கையால் எழுதிய தேதியும் கையெழுத்தும். மூன்று நாளாக அவள் கைப்பைக்குள் இருந்த தடயம். அதை அவனுக்கு அல்ல, பரிசோதகருக்குக் காட்டினாள். நானும் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சிரித்தேன், அவ்வளவுதான் செய்தேன் என்றாள்.

சகுந்தலா லாஹிரிக்குத் தமிழ் தெரியாது. பையனின் முகத்தைப் பார்த்தது போதுமாக இருந்திருக்க வேண்டும். "எழுத வேண்டியதை எழுது" என்று வங்காளியில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு அறிக்கை வந்தது. முதல் வரியே அதுதான். "அறை எண் 14இன் பாதுகாப்பு நாடாவை அகற்றியவர்: ஸ்ரீநாத், இந்த விசாரணை அணியின் தலைவர். தடயம்: கதவுச் சட்டத்தில் பல் தடம், நேரடி வாக்குமூலம்." இரண்டாவது வரி: "தடயங்களைப் பாதுகாத்தவர்: ஆரதி மண்டல், துப்புரவுப் பணியாளர்." மூன்றாவது வரியில்தான் போலாதா வந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது அதுவே முதல் தடவை.

முதல்வர் அறையில் பரிசோதகர் தன் படிவத்தை நிரப்பினார். மாதங்கி எதிரே உட்கார்ந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்தை வாசிக்காமல் இருக்க முயன்று தோற்றாள். எட்டுப் பேருக்கும் முதல் வகுப்பு மதிப்பெண். ஸ்ரீநாத்துக்கு மட்டும் இரண்டு மார்க் கழித்து, அறிக்கையின் முதல் வரிக்காக மூன்று மார்க் கூட்டியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஆசிரியரைப் பற்றிய பகுதி. "தேர்வறையை ஆசிரியர் ஆயத்தம் செய்திருந்த விதம்" என்ற கேள்விக்கு எதிரே அந்த அம்மாள் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுதினார்: "கலைந்துபோயிருந்தது. கலைந்தபடியே விட்டார். நிரந்தரப்படுத்துக."

முதல்வர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், இந்தத் தடவை சந்தோஷத்தில். ஆணை வர ஒரு மாதம் ஆகும், ஆனால் இவர் எழுதியதை மாற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது என்றார். சகுந்தலா லாஹிரி சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "என் முப்பத்துநான்கு வருடத்தில் விடை உறையோடு ஒரு வழக்கும் வந்ததில்லை" என்றார். வாசலில் திரும்பி நின்று, அந்த மாஷியை அடுத்த வருடம் ஒரு வகுப்பு எடுக்கச் சொல், நான் வந்து பின் பெஞ்சில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மாதங்கி மாடிப்படி ஸ்டோருக்குப் போனாள். ஆரதி மாஷி போலாதாவின் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். தன் பெயர் அறிக்கையில் இரண்டாவது வரியில் வந்த செய்தி அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் பேசாமல், தீதிமோணி, அதாவது டீச்சரம்மா, அடுத்த தடவை கொலை செய்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மாதங்கி சிரித்துக்கொண்டே சட்டைக்குக் கை நீட்டினாள். மாஷி நோட்டை நீட்டினாள்.

பெயர் எழுதினாள். பதவி, உதவிப் பேராசிரியை. நேரம், இரண்டு மணி ஐந்து நிமிடம். கையெழுத்துப் போட்டாள். பேனா தன்பாட்டுக்குக் கீழே இறங்கி "ஒப்ப" என்று எழுதிவிட்டது. அங்கேயே நின்றாள். பிறகு அந்த மூன்று எழுத்தின் மேலும் ஒரு கோடு இழுத்தாள், அழுத்தமாக.

மாஷி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. அடித்தால் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும்."

மாதங்கி போட்டாள். வெறும் பெயர் மட்டும். மாஷி கேட்காமலே, கீழே இன்னொரு வெறும் கையெழுத்தும் போட்டாள்.